ஒண்ணும் செரமமில்லீங்க

அன்புசெல்விக்குக் கண்ணைத் திறந்துகொண்டே கனவு காணும் பழக்கம் உண்டு. அதற்கென்று நேரமும் உண்டு. மத்தியானச் சாப்பாடு முடிந்து, டிபன் பாக்ஸைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, ஃபேன் காற்றில் பஞ்சுத் துகள் மிதப்பதைப் பார்த்துக்கொண்டு உட்காரும் அரைமணி நேரம். அருள்புரத்தில் அவள் வேலை பார்க்கும் பனியன் கம்பெனியின் மாடியில், கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் அவள் மேஜை, அந்தப் பக்கம் தையல் ஹால். துணி வாங்கும் வெளிநாட்டு பையர்களுக்கு மெயில் எழுதுவதும், அவர்கள் கேட்கிற கேள்விக்கெல்லாம் பதில் தேடி ஹாலுக்கும் மேஜைக்குமாக நடையாய் நடப்பதும்தான் உத்தியோகம். மெர்ச்சண்டைசர் என்று பெயர். சொல்லிப் பார்த்தால் கம்பீரமாகத்தான் இருக்கும், செருப்புத்தான் மாதத்துக்கு ஒன்று தேயும்.

அவள் கனவில் ராஜகுமாரர்கள் வருவதில்லை. இங்கிலீஷ் சொற்றொடர்கள் வரும். நல்ல வாக்கியம் எங்கே கண்ணில் பட்டாலும் ஒரு நீலநிற நோட்டில் எழுதி வைத்துக்கொள்வாள். மத்தியான மயக்கத்தில் அவையெல்லாம் சாம்பிள் ரூமில் ஹேங்கரில் தொங்கும் சட்டைகளாகி மெதுவாக ஆடும். எதை எந்த மெயிலுக்கு எடுத்து உடுத்தலாம் என்று யோசித்தபடியே அவள் அந்த வரிசையில் நடந்து போவாள். கடைக்கோடியில் ஒன்று மட்டும் தனியாக, கை படாமல் தொங்கும். ‘எ கிரேட் டீல் ஆஃப் எஃபர்ட்.’ பெரும்பாடு, பெருமுயற்சி என்று நோட்டில் அதற்கு அர்த்தம் எழுதி, பக்கத்தில் சிவப்பு மையில் இப்படியும் எழுதியிருந்தாள்: ‘நிஜமாகவே பட்ட பாட்டுக்கு மட்டும். யார் பட்டார்கள், எதற்காகப் பட்டார்கள் என்று சொல்ல முடிந்தால் மட்டும்.’ கல்யாணத்துக்கென்று எடுத்து வைத்த பட்டுப்புடவையைப் போல நாலு வருஷமாக அதை அவள் தொடவே இல்லை.

காரணம் இருந்தது. அவளுக்கு முன்னால் அந்த நாற்காலியில் இருந்த வேல்குமாருக்கு அந்தச் சொற்றொடர் மேல் கண்மூடித்தனமான காதல். பட்டன் நிறம் மாற்றினால் எ கிரேட் டீல் ஆஃப் எஃபர்ட். சாம்பிளைக் கூரியரில் போட்டால் எ கிரேட் டீல் ஆஃப் எஃபர்ட். தீபாவளி வாழ்த்துக்குக்கூட அதே. கடைசியில் டென்மார்க்கில் இருந்து ஹெல்லே என்கிற பையரம்மா ஒரே வரியில் பதில் போட்டாள்: ‘அன்புள்ள வேல்குமார், தயவுசெய்து முயற்சியைக் குறைத்துக்கொண்டு பட்டன்களை அதிகமாக அனுப்பவும்.’ அந்த மெயிலை வேல்குமார் அழிக்காமலேயே வேறு கம்பெனிக்குப் போய்விட்டார். வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே அதைப் படித்த அன்புசெல்விக்குச் சிரிப்பும் வந்தது, வெட்கமும் வந்தது.

வெட்கத்துக்குக் காரணம் அவள் பிறந்த ஊர். வெள்ளகோவிலுக்குப் பக்கத்துக் கிராமம். அவள் அப்பா டேனியலிடம் யாராவது முருங்கைக்காய் கேட்டால் மரமேறிப் பறித்து, உடம்பெல்லாம் எறும்புக் கடியோடு இறங்கி வந்து, “கையெட்டற தூரத்துலதானுங்க இருந்துச்சு” என்று நீட்டுவார். பஸ் போய்விட்டதே என்று காங்கேயம் வரைக்கும் சைக்கிளில் கொண்டுபோய் விட்டவர், “அந்தப் பக்கம் ஒரு சோலி இருந்துச்சுங்க” என்பார். ஒரு சோலியும் இருக்காது. பட்ட பாட்டைச் சொல்லிக் காட்டுவது அந்தப் பக்கத்தில் சோற்றைப் போட்டுவிட்டு உருண்டையை எண்ணிக் காட்டுகிற மாதிரி. மரியாதைப்பட்டவர்கள் செய்ய மாட்டார்கள். அதனால் அன்புசெல்வியின் மெயில்கள் எல்லாம் பணிவாக, சுருக்கமாக, சிரமத்தின் வாசனையே இல்லாமல் போகும். ஹெல்லேக்கும் அது பிடித்திருந்தது. நாலு வருஷம் ஒரு வம்பும் இல்லை.

இந்தத் திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு மூன்றாம் தையல் லைனில் ஓர் ஊசி உடைந்திருப்பது தெரிந்தது.

ஊசி உடைவது பெரிய விஷயமில்லை, தினமும் உடையும். ஆனால் அன்றைக்கு ஓடிக்கொண்டிருந்தது கைக்குழந்தைச் சட்டை. வெள்ளைத் துணியில் குட்டிக் குட்டியாக மஞ்சள் நிலா. ஊசி உடைந்தால் அதன் துண்டுகள் அத்தனையையும் பொறுக்கி, ஒரு ரிஜிஸ்டரில் செலோ டேப்பால் ஒட்டி, தேதி போட வேண்டும் என்பது இந்தத் தொழிலில் மாற்ற முடியாத சட்டம். ஒரு துணுக்குக் குறைந்தாலும், அது கிடைக்கிற வரைக்கும் ஒரு சட்டை வெளியே போகக்கூடாது. அன்றைக்கு இரண்டு துண்டு கிடைத்தது. முனை கிடைக்கவில்லை. மூன்று மில்லிமீட்டர். உடைந்த நேரத்தை யாரும் கவனிக்கவில்லை, அதற்குள் தைத்த சட்டைகள் மற்றதோடு கலந்துவிட்டன. மொத்தம் ஆறாயிரத்து இருநூறு சட்டை. இரும்பைக் காட்டிக் கொடுக்கிற டிடெக்டர் மெஷினோ சர்வீஸுக்காகக் கோயம்புத்தூர் போயிருந்தது, வர ஒரு வாரம் ஆகும். லோடு ஏற வேண்டியது வெள்ளிக்கிழமை.

முதலாளி மகுடேஸ்வரன் எல்லா மெஷினையும் நிறுத்தச் சொன்னார். அந்த ஹாலில் பகல் நேரத்தில் மெஷின் சத்தம் இல்லாமல் அன்புசெல்வி கேட்டதே இல்லை. எங்கேயோ தண்ணீர் சொட்டுவது கேட்டது. மொட்டைமாடியில் காக்கை நடப்பது கேட்டது. நாற்பது பெண்கள் வளையலையும் மோதிரத்தையும் கழற்றி வைத்துவிட்டு, செக்கிங் மேஜைகளைச் சுற்றி உட்கார்ந்தார்கள். அவர்களுக்கு நடுவில் வெள்ளைத் துணி, குவியல் குவியலாக, மார்பு உயரத்துக்கு.

செக்கிங் சூப்பர்வைசர் மயிலாளக்கா முதலில் காந்தத்தைக் கொடுத்துப் பார்த்தாள். ஒன்றும் ஒட்டவில்லை. பிறகு, “கண்ணுகளா, கண்ணை மூடிக்கோங்க. நிலாவைப் பார்த்துட்டே இருந்தா கண்ணு கிறுகிறுக்குது. வெரல்ல தேடுங்க” என்றாள்.

அப்புறம் நடந்ததைத்தான் அன்புசெல்வி கண்ணாடிக்கு இந்தப் பக்கமிருந்து பார்த்தாள். நாற்பது பெண்கள் கண்ணை மூடிக்கொண்டு, குழந்தைச் சட்டைகளின் உள்தையலை விரல் நுனியால் தடவித் தடவிப் போகிறார்கள். கழுத்து, தோள், கை, அடிமடிப்பு. வலம் ஒரு தடவை, இடம் ஒரு தடவை. பார்த்த சட்டைக்கு மேஜையில் ஒரு சாக்பீஸ் கோடு. பேச்சில்லை. மேலே பஞ்சு பறக்கிறது, கீழே நிலாக்கள் மடியில் இருந்து மடிக்குப் போகின்றன. தூங்குகிற பிள்ளையின் நெற்றியைத் தொட்டுக் காய்ச்சல் பார்க்கிற முகம் நாற்பது பேருக்கும். அது கனவா நனவா என்றே அவளுக்கு நிச்சயமில்லை. திங்கள் முழுக்க அப்படி. செவ்வாயும் அப்படி.

செவ்வாய்க்கிழமை மூன்று மணிக்குச் சின்னத்தாயி, “ஆத்தே!” என்றாள். சாத்தூர்ப் பக்கத்தில் இருந்து கல்யாணமாகி இங்கே வந்தவள், அன்புசெல்வி வயதுதான். மோதிர விரலில் ஒரு துளி ரத்தம். கழுத்துப் பட்டியின் மடிப்புக்குள், லேபிளுக்கு அடியில், முனை. லென்ஸை வைத்துப் பார்த்தால் உடைந்த வாயும் வாயும் சரியாகப் பொருந்தியது. ஹாலே மூச்சு விட்டது. ரிஜிஸ்டரில் ஒட்டினார்கள். அதோடு விட்டிருக்கலாம். “ஒண்ணு இருந்த எடத்துல இன்னொண்ணு இல்லைன்னு யாரு கண்டா?” என்று மயிலாளக்கா மிச்சமிருந்த ஆயிரத்து நானூறு சட்டையையும் பார்க்க வைத்தாள். புதன்கிழமை காலையில் முடிந்தது.

புதன் மத்தியானம் அன்புசெல்வி ஹெல்லேக்கு மெயில் எழுதினாள். முனை கிடைத்துவிட்டது, படம் இணைத்திருக்கிறேன், வெள்ளிக்கிழமை லோடு ஏறும். முடிக்கும்போது கை தானாக ஒரு வரியைச் சேர்த்தது. அப்பாவின் வரி. ஊரின் வரி. ‘இதில் எங்களுக்கு ஒரு சிரமமும் இல்லை.’

மூன்று மணிக்குப் பதில் வந்தது.

‘அன்புள்ள அன்பு, ஆறாயிரத்து இருநூறு சட்டைக்குள் மூன்று மில்லிமீட்டர் முனை. டிடெக்டர் இல்லை. ஒரு சிரமமும் இல்லாமல் கிடைத்தது என்கிறீர்கள். இருபது வருஷமாக இந்தத் தொழிலில் இருக்கிறேன். சிரமமில்லாமல் கிடைக்கிற முனை எங்கிருந்து கிடைக்கும் என்று எனக்குத் தெரியும். வேறொரு ஊசியை உடைத்து ஒட்டிவிட்டீர்கள் என்று நான் சொல்லவில்லை. ஆனால் இந்தச் சட்டைகளை ஒரு குழந்தைக்குப் போட என்னால் சம்மதிக்க முடியாது. லோடு ஏற்ற வேண்டாம். ஆர்டரை ரத்து செய்யும் கடிதம் நாளை மாலைக்குள் வரும்.’

பொய் சொன்னதாக யாரும் அன்புசெல்வியை இதுவரை சொன்னதில்லை. மகுடேஸ்வரன் வந்து பின்னால் நின்று திரையைப் படித்தார்.

“ஏனுங்கம்மணி, நீங்க என்னன்னு எழுதுனீங்க?”

அவள் காட்டினாள். அவர் இரண்டு தடவை படித்துவிட்டு, “இதுல என்னங்க தப்பு? நானா இருந்தாலும் இதையேதான் எழுதியிருப்பேன்” என்றார். நிஜமாகவே அவருக்குப் புரியவில்லை. பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். “இந்தச் சட்டை போகலைன்னா அத்தனையும் வேஸ்ட்டுக்கு வெட்டோணும். அடுத்த ஆர்டர் தை கழிச்சுத்தான். அதுவரைக்கும் ஹாலைச் சாத்தோணும், நாப்பது பொண்ணுக ஊட்டுல உக்காரோணும். என்ன பாடு பட்டாங்கன்னு கேட்டு விவரமா எழுதிப் போடுங்க அம்மணி. அந்தம்மா நம்பற மாதிரி எழுதுங்க.”

அவள் நீல நோட்டை எடுத்துக்கொண்டு ஹாலுக்குப் போனாள். அங்கே அவள் எதிர்பார்க்காத ஒரு சுவர் இருந்தது.

“செரமமா?” என்றாள் மயிலாளக்கா. “உக்காந்த எடத்துல வேலை. அதுல என்ன கண்ணு செரமம்?”

அடுத்தவள், “குழந்தைத் துணிதானுங்களே. தொட்டுப் பார்க்கறதுக்கு என்னங்க?” என்றாள்.

அதற்கடுத்தவள் சிரித்தாள். “ரெண்டு நாளு மெஷின் ஓடாம சொகமா இருந்துச்சுங்க.”

வாயைத் திறந்தவர்கள் எல்லாரும் ஒன்றுமில்லை என்று சொல்லத்தான் திறந்தார்கள். பன்னிரண்டு பேரைக் கேட்டும் நோட்டில் ஒரு வரி விழவில்லை. தான் எழுதிய அந்த வரியையே ஆளுக்கொரு குரலில் தன்னிடம் திருப்பிச் சொல்கிறார்கள் என்று அன்புசெல்விக்கு அப்போதுதான் உறைத்தது.

சின்னத்தாயி கடைசி மேஜையில் நூல் பிசிறு வெட்டிக்கொண்டிருந்தாள். “எதுக்கு மேடம் எல்லார்கிட்டயும் சிரமம் சிரமம்னு கேட்டுட்டு வாரீக?”

அன்புசெல்வி நடந்ததைச் சொன்னாள். ஹெல்லே எழுதியதையும் சொன்னாள், தான் எழுதியதையும் மறைக்காமல் சொன்னாள். சின்னத்தாயியின் கத்தரி நின்றது.

“ஒரு சிரமமும் இல்லைன்னா எழுதுனீக?”

“மரியாதைக்குத்தான் எழுதுனேன்.”

சின்னத்தாயி எழுந்து நின்றாள். இரண்டு கையையும் விரித்து அன்புசெல்வியின் முகத்துக்கு நேராக நீட்டினாள். பத்து விரல் நுனியும் சிவந்து, தோல் உரிந்து, தண்ணீரில் ஊறிய மாதிரி வெளுத்திருந்தன. மோதிர விரலில் கறுப்பாக ஒரு புள்ளி.

“ரெண்டு நாளா சோத்தைப் பிசைய முடியல, கரண்டியில சாப்புடுதேன். அதை விடுங்க. எம்புள்ளைக்கு எட்டு மாசம். கீழ பிள்ளைக ரூம்புல கெடக்கு. தெனமும் மத்தியானம் எறங்கிப் போயிப் பால் குடுப்பேன். செவ்வாக்கெழமை போகல. ஏன் போகல? எந்திரிச்சா எந்தச் சட்டையப் பாத்தேன், எதைப் பாக்கலன்னு கொழம்பிப் போகும். ஒரு சட்டை விட்டுப் போயி அதுலதான் முனை இருந்துச்சுன்னா? அங்கன எவளோ ஒருத்தி அதைத் தம்புள்ளைக்குப் போட்டு விடுவாளே! பாலு கட்டி, ரவிக்கையெல்லாம் நனைஞ்சு, நெறி கட்டி ஜுரம் அடிச்சுது. கீழ எம்புள்ள அழுது அழுது தூங்கிருச்சு. எனக்குத் தெரியும் மேடம், அது எம்புள்ள அழுகைதான்னு. மெஷின் ஓடலைல்ல. கேட்டுச்சு.”

ஹாலில் எல்லாரும் வேலையை நிறுத்திவிட்டார்கள்.

“உங்க பாட்டை நீங்க ஒண்ணுமில்லைன்னு சொல்லுங்க மேடம், அது உங்க மருவாதி. எம்பாட்டை ஒண்ணுமில்லைன்னு எழுத நீங்க யாரு?”

அன்புசெல்வி அந்த விரல்களையே பார்த்தாள். அப்பா முருங்கை மரத்தில் இருந்து இறங்கி வருவது தெரிந்தது. எறும்பு கடித்தது அவர் உடம்பை. கையெட்டற தூரம் என்று சொல்ல அவருக்கு உரிமை இருந்தது. தன்னை எந்த எறும்பும் கடிக்கவில்லை என்று நினைத்தபோது அவளுக்குத் தன் மேலேயே கோபமாக வந்தது. “தப்புத்தானுங்க சின்னத்தாயி” என்றாள். நாலு வருஷத்தில் முதல் தடவையாக அவளை ‘ங்க’ போட்டுக் கூப்பிட்டாள்.

மயிலாளக்கா தொண்டையைக் கனைத்தாள். “எழுதறதா இருந்தா… எனக்கும் இடுப்பு நிமுரலை கண்ணு. நேத்து ஊட்டுக்கு நடந்து போகலை, ஆட்டோவுலதான் போனேன். பெருசா எழுதிப்போடாதே, சும்மா எழுது.” அதற்கப்புறம் ஒவ்வொருத்தியாக, யாரோ மூன்றாம் மனுஷியைப் பற்றிச் சொல்வதுபோலத் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்கள். நோட்டில் ஐந்து பக்கம் நிறைந்தது.

அவள் தன் மேஜைக்கு வந்து உட்கார்ந்தாள். சாயங்கால வெயில் கண்ணாடியில் சாய்ந்து, மிதக்கிற பஞ்செல்லாம் பொன்னிறமாக இருந்தது. கண்ணைத் திறந்துகொண்டே சாம்பிள் ரூமுக்குள் நடந்தாள். கோடியில் தொங்கிய அந்தச் சொற்றொடரை முதல் தடவையாகக் கையில் எடுத்தாள். வேல்குமார் உடுத்தி உடுத்தி வெளுக்க வைத்ததுதான், ஆனாலும் அது வெறும் துணியாக இல்லை, கனத்தது. உள்ளே கைவிட்டுத் தடவிப் பார்த்தாள். கழுத்து, தோள், அடிமடிப்பு. உள்ளே ஆட்கள் இருந்தார்கள்.

எல்லாவற்றையும் எழுதினாள். நாற்பது பேர், இரண்டு நாளும் ஒரு காலையும். கண்ணை மூடிக்கொண்டு தேடியது. சாக்பீஸ் கோடுகளின் படம். முனை கிடைத்தது நாலாயிரத்து எண்ணூறு சட்டைக்கு அப்புறம், கழுத்து மடிப்பில். கிடைத்த பிறகும் ஆயிரத்து நானூறு சட்டையைத் தேடியது. உரிந்த விரல்கள். ஜுரம். கீழே அழுத குழந்தை. தேடியபோது அகப்பட்ட மற்றவை: காய்ந்த மல்லிகை மொட்டு மூன்று, ஒரு கம்மல் திருகாணி.

மகுடேஸ்வரன் படித்துவிட்டுத் திரையில் திருகாணி என்ற இடத்தில் விரல் வைத்தார். “இது வேணுமுங்களா அம்மணி? அதுவும் குத்தற சாமான்தானுங்க. நம்ம மேல நாமளே புகார் எழுதற மாதிரி இருக்குதுங்க.”

“அதுவும் கெடைச்சுதுங்களே.”

அவர் தலையைச் சொறிந்தார். “போடுங்க” என்று எழுந்து போனார்.

கடைசியில் அவள் எழுதினாள்: ‘சிரமம் இல்லை என்று நான் எழுதியது பொய். எங்கள் ஊரில் அது மரியாதை. ஆனால் நான் தேடவில்லை, அதனால் அதைச் சொல்லும் உரிமை எனக்கு இல்லை. இந்த முனையைக் கண்டுபிடிக்க இந்த நாற்பது பெண்கள் எ கிரேட் டீல் ஆஃப் எஃபர்ட் போட்டிருக்கிறார்கள்.’ கீழே நாற்பது பெயரும். முதல் பெயர் சின்னத்தாயி.

வியாழக்கிழமை காலை முழுக்க ஹாலில் ஒருத்திக்கும் வேலை ஓடவில்லை. கண்ணாடி வழியாக அவள் முகத்தை எட்டி எட்டிப் பார்த்தார்கள். அவள் திரையைப் பார்த்தாள். டிபன் பாக்ஸைக் கவிழ்த்த நேரத்தில் பதில் வந்தது.

‘அன்புள்ள அன்பு, லோடு ஏற்றுங்கள். பொய் சொல்கிறவர்கள் திருகாணியைச் சொல்ல மாட்டார்கள். அந்தச் சொற்றொடரை உங்கள் கம்பெனியில் இருந்து நூறு தடவை படித்திருக்கிறேன், இன்றைக்குத்தான் நம்பினேன். சின்னத்தாயியிடம் ஒன்று சொல்லுங்கள். எனக்கும் குழந்தை உண்டு. அவர் பட்ட பாடு எனக்குத் தெரியும். நன்றி.’

மகுடேஸ்வரனிடம் சொல்லாமலேயே அவள் படியிறங்கி ஓடினாள். கீழே பிள்ளைகள் அறையில் ஜன்னல் திரைச்சீலை காற்றில் உப்பி உப்பி அடங்கியது. தொட்டில்கள் அசைந்தன. சின்னத்தாயி மூலையில் சுவரில் சாய்ந்து பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். பிள்ளை அவள் மோதிர விரலை இறுகப் பிடித்திருந்தது.

அன்புசெல்வி பக்கத்தில் குந்தி, மெதுவான குரலில் மெயிலைத் தமிழில் சொன்னாள். லோடு ஏறுகிறது என்பதை முதலில் சொன்னாள். சின்னத்தாயி கண்ணை மூடித் திறந்தாள். பிறகு அந்தம்மா அவளுக்கென்று எழுதியதை வரி வரியாகச் சொன்னாள். உங்கள் பாடு எனக்குத் தெரியும், நன்றி என்கிற இடம் வந்ததும் சின்னத்தாயியின் முகம் சிவந்துபோனது. எங்கே பார்ப்பது என்று தெரியாமல் பிள்ளையின் தலையைத் தடவினாள். சாத்தூர்ப் பேச்சு எங்கே போனதோ, ஆறு வருஷமாக இந்த ஊர்த் தண்ணீர் குடித்த வாயில் இருந்து தானாக வந்தது.

“அட, அதுல என்னங்க இருக்குது… ஒண்ணும் செரமமில்லீங்க.”

அன்புசெல்வி அந்த வரியை யாருக்கும் எழுதவில்லை.